வாழ விழைந்தவளின் முடிவு

1935ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சீனப் புத்தாண்டை ஒட்டி, ஷாங்காய் நகரில் ஒரு படம் வெளிவந்தது. சீனத்தில் அதன் பெயர் 'சின் நியூசிங்'. லியான்ஹுவா நிறுவனத்தார் எடுத்த படம் அது. நெறியாளர் சாய் சூஷெங். கதை எழுதியவர் சுன் ஷியீ. இசை அமைத்தவர் நியே அர். தலைவியாக நடித்தவர் ருவான் லிங்யூ. மேலைநாடுகளில் பேசும் படம் வேரூன்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும் ஷாங்காயில் பேசாப் படங்கள் அப்போதும் எடுக்கப்பட்டு வந்தன. ஒலிக் கருவிகளுக்கு ஆகும் செலவு ஒரு காரணம். பல்வேறு வட்டாரச் சீன மொழிகளைப் பேசிய மக்களுக்கு எழுத்து பொதுவாக இருந்தது மற்றொரு காரணம். இந்தப் படத்திலும் உரையாடல்கள் எழுத்து அட்டைகளாகவே திரையில் தோன்றும். பின்னணி இசையும் பாட்டும் மட்டுமே காதில் விழும்.

அடக்குமுறைக்குப் பணியாத ஓர் இளம்பெண்ணின் கதை இது. அதன் முடிவு அறிஞர்களால் ஆராயப்பட்டு வருகிறது. அம் முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள முதலில் படத்தின் பெயரைப் பார்க்க வேண்டும்.

'சின்' என்றால் புதிய. 'நியூசிங்' என்றால் பெண் அல்லது பெண்கள். சீனப் பெயர்ச்சொல் ஒருமை பன்மையைக் கட்டாயமாகக் காட்டுவதில்லை. தமிழிலும் 'ஆடு வந்தது', 'ஆடு வந்தன' என்று அஃறிணையில் பால்பகாப் பெயர்கள் உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆனால் உயர்திணையில் நாம் ஒருத்தியா பலரா என்று சொல்லித்தான் ஆகவேண்டும். ஆங்கிலத்தார் பன்மையாக்கிப் பெயர்த்துவிட்டனர். தமிழில் 'புதுப்பெண்' என்று எழுதினால் மணமகளைக் குறித்துவிடும். பாரதியார் வழங்கிய 'புதுமைப் பெண்' என்ற சொற்றொடரே பொருந்தும். எனினும் 'புதுமைப் பெண்' என்பதா, 'புதுமைப் பெண்கள்' என்பதா? இது வெறும் இலக்கண வினா அன்று. யார் அந்தப் புதியவள், ஒருத்தியா பலரா என்பதைப் படத்தின் கடைசிச் சில நிமிடங்களே முடிவு செய்கின்றன.

இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சன் 1879இல் எழுதிய 'பொம்மை வீடு' என்னும் நாடகத்தில், நோரா என்ற மனைவி கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். கதவு அடைபடும் ஓசையோடு நாடகம் முடிகிறது. அந்த முடிவை ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை. ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த நடிகை, தாய் ஒருத்தி குழந்தைகளை விட்டுப் போகமாட்டாள் என்று மறுத்தார். பிறர் கைவைப்பதைக் காட்டிலும் தாமே மாற்றுவது மேல் என்று எண்ணிய இப்சன், நோரா குழந்தைகளின் அறை வாயிலில் துவண்டு விழுவதாக 1880இல் வேறொரு முடிவு எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதைக் காட்டுமிராண்டிச் செயல் என்று தாமே பழித்தார். முடிவு மாறினால் பெண்ணைப் பற்றிய தீர்ப்பே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நோரா 1918இல் சீனத்து இளைஞர் உள்ளத்தில் குடியேறினாள். அவ்வாண்டு 'புதிய இளைஞர்' என்னும் திங்களிதழ் இப்சனுக்கென ஒரு சிறப்பிதழே வெளியிட்டது. வீட்டாரின் மண ஏற்பாட்டை மறுத்து வெளியேறும் பெண் பல கதைகளிலும் நாடகங்களிலும் தலைவியானாள். எல்லாரும் கைதட்டினர். 1923 டிசம்பரில் பீகிங் பெண்கள் உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றிய எழுத்தாளர் லூ சுன் மட்டும், வெளியேறிய பிறகு நோராவுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். கைப்பையில் பணமின்றிப் போகிறவளுக்கு இரண்டே வழி, ஒன்று சீரழிவது, மற்றொன்று திரும்பி வருவது என்பது அவர் கருத்து. பட்டினி கிடந்து சாவதையும் அவர் சேர்த்துச் சொன்னார். ஆனால் அதை வழி என்று சொல்ல அவருக்கு மனமில்லை. பொருளாதார உரிமை இல்லாத விடுதலை கூண்டுக்கு வெளியே பருந்தும் பூனையும் காத்திருக்கும் சிட்டுக்குருவியின் விடுதலை என்பதே அவ்வுரையின் சாரம். நாளைய ஆசிரியைகளிடம் இப்படிப் பேச ஒரு துணிவு வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின் வந்த இந்தப் படம் லூ சுன்னின் வினாவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குக் காட்சி காட்சியாக விடை தேடுகிறது.

தலைவியின் பெயர் வெய் மிங். வீட்டாரை மீறிக் காதலித்தவனோடு சென்றவள்; மணந்தவள்; ஒரு பெண் குழந்தை பெற்ற பின் கணவனால் கைவிடப்பட்டவள். குழந்தையைத் தமக்கையிடம் விட்டுவிட்டு, ஷாங்காயில் பெண்கள் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியையாக வேலை பார்க்கிறாள், கதையும் எழுதுகிறாள். ஆக, லூ சுன் கேட்ட சம்பளம் அவளுக்கு இருக்கிறது. நோராவிடம் இல்லாதது இவளிடம் உண்டு. அப்படியிருந்தும் அவள் ஏன் வீழ்கிறாள்? படத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அவளுடைய நாவலைப் பதிப்பகத்தார் ஏற்பது அதன் தரத்துக்காக அன்று. எழுதியவள் இளம்பெண், அழகி என்பது நிழற்படத்தால் தெரிந்த பின்னரே ஏற்கின்றனர். பள்ளிக்கூட நிர்வாகத்தில் செல்வாக்குள்ளவர் டாக்டர் வாங் என்பவர். மருத்துவர் அல்லர், பெரும்பட்டம் பெற்றவர். அவருடைய மனைவி வெய் மிங்கின் பழைய பள்ளித்தோழி. அவர் வெய் மிங்கை அடைய விரும்புகிறார், அவள் மறுக்கிறாள், வேலை போகிறது. அந்த நேரம் பார்த்துத் தமக்கை குழந்தையோடு ஷாங்காய்க்கு வந்து சேர்கிறாள். குழந்தைக்கு நுரையீரல் காய்ச்சல். மருத்துவத்துக்குப் பணம் இல்லை. ஓர் இரவு மட்டும் தன்னை விற்றுக்கொள்ள வெய் மிங் மனம் குமைந்து இசைகிறாள். அழைத்துச் செல்லப்பட்ட இடத்தில் காத்திருப்பவர் அதே டாக்டர் வாங். அவள் திரும்பிவிடுகிறாள். குழந்தை பிழைக்கவில்லை. வெய் மிங் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முற்படுகிறாள்.

சம்பளம் இருந்தும், அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் கை எது என்பதே கேள்வி. பள்ளி, பதிப்பகம், மருத்துவம் என்று ஒவ்வொரு வாயிலிலும் அவளிடம் கேட்கப்படும் விலை ஒன்றேதான். வீட்டை விட்டு வெளியேறியவள் அதே வீட்டின் சட்டம் ஊர் முழுதும் நடைமுறையில் இருப்பதைக் காண்கிறாள். லூ சுன்னின் விடையை மறுக்காமலே அதற்கு அப்பால் ஓர் அடி எடுத்து வைக்கிறது படம்.

இனி முடிவு. செய்தித்தாள் நிருபர் ஒருவன் இக்கதையில் வருகிறான். வெய் மிங்கின்மீது கண்வைத்து ஏமாந்தவன். அவள் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போதே அவளைப் பற்றிய இழிசெய்தியை அச்சேற்றிவிடுகிறான். அவளுடைய மானம் தெருவில் கூவி விற்கப்படுகிறது. அதை அறிந்த நிலையில்தான் வெய் மிங் மாறுகிறாள். சாக நினைத்தவள் சாக மறுக்கிறாள். தன்னைக் காப்பாற்றும்படியும், தான் வாழ வேண்டும் என்றும் மருத்துவரிடம் மன்றாடுகிறாள்.

பேசாப் படத்தில் இதை எப்படிக் காட்டுவது? வழக்கமாகக் காட்சியை நிறுத்தி, எழுத்து அட்டையைக் காட்டி, மீண்டும் காட்சிக்குப் போவர். சாய் சூஷெங் இங்கே அவ்வழக்கத்தை உடைத்தார். எழுத்துகள் அவளுடைய வாயிலிருந்தே புறப்பட்டு, பெரிதாகிக்கொண்டே திரையை நிறைத்து நம்மை நோக்கி வருகின்றன. குரல் இல்லாத படத்தில் எழுத்தே கூக்குரல் ஆகிறது. சீன எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்க்கும் அந்த இடத்தில் அது எழுத்தாகத் தோன்றாது.

சொல்லும் கவனிக்கத்தக்கது. அங்கே வரும் 'யாவ்' என்ற சீன வினை, விரும்புதல், வேண்டியிருத்தல் என்னும் இரண்டு பொருளும் தரும். ஆங்கிலத்தில் பெயர்க்கிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள நேர்கிறது. தமிழில் 'வேண்டும்' என்ற ஒரு சொல்லே இரண்டையும் தாங்குகிறது: வேண்டுதலும் அதுதான், கடமையும் அதுதான். வெய் மிங்குக்கு வாழ ஆசை வந்தது மட்டும் அன்று; வாழ்ந்து பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் வந்துவிட்டது. அந்தப் பொருட்செறிவு நம் மொழியில் சேதமின்றி வந்து சேர்வது ஒரு பேறு.

மருத்துவரால் காப்பாற்ற இயலவில்லை. அவள் இறக்கிறாள். படம் அத்துடன் நிற்கவில்லை. பொழுது புலர்கிறது. ஆலை வேலைக்குச் செல்லும் பெண்கள் கூட்டமாக, நிமிர்ந்து, பாடிக்கொண்டு வருகின்றனர். அவர்கள் பாடுவது 'புதுமைப் பெண்கள்' என்னும் பாட்டு. அதை ஆக்கித் தந்ததில் வெய் மிங்குக்குப் பங்கு உண்டு. ஆலைப் பெண்களுக்கு இரவுப் பள்ளியில் பாட்டுக் கற்பிக்கும் லீ ஆயிங் என்ற தோழி அதைப் பரப்பியவள். வெய் மிங்கைப் பழித்த செய்தித்தாள் தெருவில் கிடக்கிறது. நடந்து வரும் கால்கள் அதை மிதித்துக்கொண்டு முன்னேறுகின்றன.

தலைப்பின் ஐயம் இங்கே தீர்கிறது. ஒருமையாக இருந்தவள் மறைந்தாள். பன்மை நடந்து வருகிறது.

ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்குக. இறக்கும் பெண்ணின் மன்றாட்டு எழுத்தாக மட்டுமே வருகிறது. நடந்து வரும் பெண்களின் பாட்டோ ஒலியாகக் கேட்கிறது. குரல் அவர்களுக்கு, எழுத்து இவளுக்கு என்று பங்கு பிரித்துவிட்டது படம். இதைத் திட்டமிட்ட தீர்ப்பாகக் கொள்வோரும் உண்டு: படித்த, தடுமாறிய, தனித்து நின்ற பெண் மறைய வேண்டியவள், உழைக்கும் பெண்களே எதிர்காலம் என்று அன்றைய இடதுசாரி எழுத்தாளர்கள் கருதினர், படமும் அதையே சொல்கிறது என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. லீ ஆயிங் பாத்திரம் உடல் வலிமையும் உறுதியும் கொண்டதாக அமைந்திருக்கிறது. குறை என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அதனாலேயே அவள் நம் மனத்தில் நிற்பதும் இல்லை. பாடநூலில் வரும் நல்ல பிள்ளையை எந்த மாணவன் நினைவில் வைத்திருக்கிறான்? கடைசி ஊர்வலம் எழுச்சியூட்டுவதாக இருப்பினும், அதற்கு முன் வந்த அந்த முகத்தை அது அழித்துவிடவில்லை. நெறியாளர் எதை எண்ணி எடுத்தாரோ, படம் பார்ப்பவர் நெஞ்சில் தங்குவது அவள்தான்.

அக்காலத்துப் பிற நாட்டுப் படங்களோடு ஒப்பிட்டால் இம்முடிவின் தனித்தன்மை விளங்கும். 1928இல் வந்த 'நம் ஆடும் மகளிர்' என்ற அமெரிக்கப் படத்தில், துள்ளித் திரிந்தாலும் நெஞ்சில் நேர்மையுள்ள பெண்ணுக்கு விரும்பியவன் கிட்டுகிறான். அடக்கமுள்ளவளாக நடித்து அவனை மணந்தவள் குடிபோதையில் படியிலிருந்து விழுந்து இறக்கிறாள். கணக்கு நேராகிவிடுகிறது. 1929இல் ஆஸ்திரியர் பாப்ஸ்ட் எடுத்த 'பண்டோராவின் பேழை'யில் லூலூ என்பவள் லண்டன் மாநகரில் கொலைகாரன் ஒருவன் கையில் மடிகிறாள். மணமேடை அல்லது சவக்குழி என்ற இரண்டில் ஒன்றை ஒதுக்குவதே பெருவழக்கு. வெய் மிங்குக்கும் சவக்குழிதான் கிடைத்தது. ஆனால் அது அவள் செய்த பிழைக்குத் தண்டனையாகக் காட்டப்படவில்லை. அவள் வாழ விரும்பும் நொடியில் அது நேர்கிறது. சாவை விரும்பியவள் செத்தாள் என்றால் பார்ப்பவர் பெருமூச்சுவிட்டு எழுந்து போகலாம். வாழ்வேன் என்றவள் செத்தாள் என்றால் அப்படிப் போக முடியாது. யார் காரணம் என்ற கேள்வி அரங்கை விட்டு வெளியே வருகிறது.

வெளியே வரத்தான் செய்தது. இந்தக் கதை முழுதும் கற்பனை அன்று. அய் சியா என்ற நடிகை, மண ஏற்பாட்டை மறுத்து வீட்டை விட்டு வந்து, ஷாங்காயில் நடித்தும் எழுதியும் வாழ்ந்தவர். 1933இல் 'இக்கால மங்கை ஒருத்தி' என்ற படத்துக்குத் தாமே கதை எழுதி நடித்தவர். 1934 பிப்ரவரியில் அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். அவர் வாழ்ந்தபோதும் இறந்த பின்னும் சில இதழ்கள் அவரைப் பற்றி எழுதியவை அவருடைய நண்பர்களைப் புண்படுத்தின. 'சின் நியூசிங்' அந்த நிகழ்ச்சியின் விளைவே. ஆகவேதான் நிருபன் பாத்திரம் அத்துணைக் கசப்போடு அமைந்தது.

ஷாங்காய்ப் பத்திரிகையாளர் சங்கத்தார் கொதித்தெழுந்தனர். தம் தொழிலை இழிவுபடுத்தும் காட்சிகளை நீக்க வேண்டும், நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி இவ்வாறு செய்வதில்லை என உறுதி தரவேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள். விளம்பரத்துக்குச் செய்தித்தாள்களையே நம்பியிருந்த நிறுவனம் பணிந்தது, மன்னிப்புக் கேட்டது, சில பகுதிகள் வெட்டப்பட்டன. செய்தித்தாளை மிதித்து நடந்த படம், செய்தித்தாளின் முன் தலைகுனிந்தது. ஒரு நாளிதழின் பக்கத்தில் இதை எழுதும்போது இந்த முரணைத் தாண்டிச் செல்ல இயலாது.

சினம் அத்துடன் அடங்கவில்லை. நிறுவனத்தை விட்டு நடிகையின்மேல் திரும்பியது. ருவான் லிங்யூ 1910இல் ஷாங்காயில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்து, செல்வர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த தாயால் வளர்க்கப்பட்டவர். 1926இல் நடிக்கத் தொடங்கி, எட்டு ஒன்பது ஆண்டுகளில் சீனத் திரையுலகின் முதல் வரிசைக்கு வந்தார். 1934இல் வெளிவந்த 'தெய்வப் பெண்' என்ற படத்தில், மகனைப் படிக்கவைக்கத் தெருவில் நிற்கும் தாயாக அவர் நடித்த நடிப்பை இன்றும் அறிஞர் போற்றுகின்றனர். பேசும் படம் எதிலும் அவர் குரல் கொடுத்ததில்லை. முன்னாளில் உடன் வாழ்ந்த ஒருவர் அவர்மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கின் செய்தி என்ற பெயரில் அவருடைய அகவாழ்வு நாள்தோறும் அச்சேறியது. நீதிமன்றத்தில் அவர் நிற்க வேண்டிய நாள் 1935 மார்ச் 9. மார்ச் 8ஆம் நாள், அனைத்துலக மகளிர் நாளன்று, அவர் தம் உயிரைத் துறந்தார். வயது 24. படம் வெளிவந்து ஒரு திங்களே ஆகியிருந்தது. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஷாங்காயின் தெருக்கள் மக்களால் நிறைந்தன.

அவர் எழுதியதாகச் செய்தித்தாள்களில் வெளியான கடிதம் ஒன்று, வம்புப் பேச்சு அஞ்சத்தக்கது என்று சொல்லியது. அக்கடிதம் போலி என்று கருதுவோரும் உளர். அந்த வழக்கு ஆராய்ச்சியாளர்களிடையே தீர்ந்தபாடில்லை. எனினும் அந்தச் சொற்றொடரையே தலைப்பாக வைத்து லூ சுன் 1935 மே மாதத்தில் ஒரு கட்டுரை எழுதினார். இக்காலச் செய்தித்தாளுக்கு அத்தனை வலிமை ஏது, அதனால் ஒருவர் சாவாரா என்று இதழ்க்காரர் சிலர் கேட்டிருந்தனர். லூ சுன்னின் மறுமொழி இது: வலியவர் முன் செய்தித்தாள் மெலிந்ததுதான், ஆனால் ருவான் லிங்யூவைப் போன்றவர் முன் அதற்கு வலிமை குறைவில்லை. பெயர் ஊருக்கெல்லாம் தெரியும், பதில் சொல்லும் ஆற்றல் மட்டும் கையில் இல்லை என்ற நிலையில் உள்ளவரை அது எளிதில் நசுக்கும். நோராவின் கைப்பையைப் பற்றி 1923இல் கேட்டவர், இப்போது அவளுடைய நாவைப் பற்றிக் கேட்டார் எனலாம். மறு ஆண்டு அக்டோபரில் அவரும் காலமானார். இசையமைத்த நியே அர் அதற்கு முன்பே, 1935 ஜூலையில், ஜப்பானியக் கடலில் மூழ்கி 23ஆம் வயதில் மறைந்துவிட்டார். அதே ஆண்டு அவர் அமைத்த அணிவகுப்புப் பாட்டு ஒன்று பின்னர்ச் சீன மக்கள் குடியரசின் நாட்டுப்பண் ஆயிற்று.

நடிகையின் சாவைப் படத்தின் முடிவோடு ஒட்டிப் பேசுவது எளிது. பலர் அப்படியே பேசினர். படத்தில் நடித்ததை வாழ்வில் நடத்திக் காட்டினார் என்பது போன்ற சொற்கள் அன்று தாராளமாகப் புழங்கின. இது தவறான ஒப்புமை. படத்துப் பெண் இறுதியில் சொன்னது வாழ வேண்டும் என்பது. அதைச் சொன்ன எழுத்துகள் திரையை நிறைக்குமளவு பெரிதாக வந்தும், அதைப் படித்த ஊர் அவளுடைய சாவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

ஹாங்காங் நெறியாளர் ஸ்டான்லி குவான் 1991இல் ருவான் லிங்யூவின் வாழ்வைப் படமாக்கினார். மேகி சியுங் ருவானாக நடித்தார். அதற்காக 1992இல் பெர்லின் திரைவிழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு பெற்றார். 'சின் நியூசிங்' படத்தின் இறுதிக் காட்சி படம்பிடிக்கப்பட்ட நாளை அதில் மீண்டும் அமைத்திருக்கிறார்கள். வெய் மிங் வாழ வேண்டும் என்று கதறும் காட்சி முடிகிறது. நெறியாளர் சாய் படப்பிடிப்பை நிறுத்துகிறார். நடிகை போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொள்கிறார். உள்ளிருந்து அழுகை ஓயவில்லை. சாய் கட்டிலருகே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அப்போது ஸ்டான்லி குவானின் குரல் குறுக்கிடுகிறது. சாயாக நடித்தவரை அவருடைய சொந்தப் பெயரால் அழைத்து, போர்வையை விலக்கி அவளைப் பார்க்க வேண்டும் என்பதை மறந்துவிட்டீர்களே என்கிறது.